குரல் தெரிந்தவர்மேல் வரும் கோபம்

கால்பந்துப் பயிற்சியாளர் ஒருவர்மேல் ரசிகர்களுக்கு இருந்த நம்பிக்கை எந்த நாளில் போயிற்று என்று பிற்பாடு யோசித்துப் பார்த்தால், அது பெரும்பாலும் அவருடைய அணி படுமோசமாகத் தோற்ற நாளாக இருப்பதில்லை. தோல்விக்குப் பின் வானொலியில் அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, "போன வாரமும் இதைத்தானே சொன்னார்" என்று ஜனங்கள் சலித்துக்கொண்ட நாளாகவே அது இருக்கும். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்ததிலிருந்து சனி, ஞாயிறு மாலைகளில் உள்ளூர் வானொலியின் விளையாட்டு நிகழ்ச்சிகளைக் கேட்டு வருகிறேன். தொடக்கத்தில் அது என் விருப்பத்தால் நேர்ந்ததல்ல. இந்திய வம்சாவளியினர் நிறைந்த டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்தில் என் மாமனார் வீட்டில் வானொலி ஓடாத வாரக்கடைசி கிடையாது, மருமகன் என்ற மரியாதைக்காக அதை யாரும் அணைத்துவிடப் போவதுமில்லை. கேட்டுக் கேட்டு, ஆட்டத்தைவிட ஆட்டத்தைப் பற்றிய பேச்சில்தான் எனக்கு அதிக ருசி ஏற்பட்டுவிட்டது. அந்தப் பேச்சைப் பற்றி எனக்கு ஒரு புகார் உண்டு, அதைச் சொல்வதற்காகவே இந்தப் பதிவு.

நம் வானொலி விவாதங்களில் பயிற்சியாளர் ஒருவர் மட்டுமே குற்றவாளிக் கூண்டில் நிற்கிறார். ஒரு கால்பந்துக் கழகத்தில் ஆள் எடுப்பவர், பணம் கொடுப்பவர், ஒப்பந்தம் எழுதுபவர், இளைஞர் அணியை வளர்ப்பவர் என்று எத்தனையோ பேர் இருக்க, வாரத்துக்கு இரண்டு முறை ஒலிவாங்கியின் முன்னால் வந்து உட்காருகிறவர் பயிற்சியாளர் மட்டும்தான். ஆட்டத்துக்கு முன் ஒரு பேட்டி, ஆட்டம் முடிந்ததும் வியர்வை காயாமல் இன்னொரு பேட்டி. அந்தப் பேட்டியிலிருந்து வெட்டியெடுத்த அரை நிமிடத் துண்டு அன்று மாலைச் செய்தியில் ஒரு முறை, விவாத நிகழ்ச்சியின் தொடக்கத்தில் ஒரு முறை, விளம்பர இடைவேளை முடிந்து திரும்பும்போது ஒரு முறை, மறுநாள் காலை வேலைக்குப் போகிறவர்களுக்காக இன்னொரு முறை என்று ஓடிக்கொண்டே இருக்கும். திங்கட்கிழமைக்குள் அவருடைய மூச்சிழுப்புகூட நமக்குப் பழகிவிடுகிறது. நமக்குக் குரல் தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்பதால் கோபமும் அவர்மேல்தான் வருகிறது.

இதற்கு ஸ்டீவ் கொம்பெலாவைவிடப் பொருத்தமான உதாரணம் தென்னாப்பிரிக்கக் கால்பந்தில் இல்லை. 2014-15 பருவத்தில் ஸ்டுவர்ட் பாக்ஸ்டரின் பயிற்சியில் லீக் பட்டம் வென்ற, நாடெங்கும் ரசிகர்களைக் கொண்ட ஜோகன்னஸ்பர்க்கின் கைசர் சீஃப்ஸ் அணி, 2015-இல் கொம்பெலாவின் கைக்கு வந்தது. பேச்சில் அவரை மிஞ்சப் பயிற்சியாளர் இல்லை. ஆட்டத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் வாழ்க்கையைப் பற்றி ஒரு பதில் வரும், உவமை வரும், சில வேளை ஒரு சிறு பிரசங்கமே வரும். முதல் ஆண்டில் வானொலிக்காரர்களுக்கு அவர் பெரிய வரப்பிரசாதமாக இருந்தார். வெட்டியெடுத்து ஒலிபரப்ப அவ்வளவு சரக்கு வேறு யாரிடமிருந்தும் கிடைக்காது. 2015-லேயே அவருடைய அணி இரண்டு கோப்பை இறுதி ஆட்டங்களில் தோற்றது. ஒன்று அயாக்ஸ் கேப் டவுனிடம், மற்றொன்று மமெலோடி சன்டவுன்ஸிடம். அப்போதும் தொலைபேசியில் வந்த நேயர்கள் பொறுமையாகத்தான் பேசினார்கள், புத்திசாலி மனிதர், நேரம் கொடுக்க வேண்டும் என்றார்கள்.

அதே பேச்சு மூன்றாம் ஆண்டில் அவருக்கே எதிராகத் திரும்பியது. கோப்பை எதுவும் வராமல் பருவங்கள் கழிந்துகொண்டிருக்க, அவருடைய ஒலித்துண்டுகளை நேயர்கள் கேலியாக நடித்துக்காட்டத் தொடங்கினார்கள். அவர் மாறவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. முதல் ஆண்டில் ஞானமாகத் தோன்றிய அதே வாக்கியம் மூன்றாம் ஆண்டில் சாக்காகத் தோன்றியது. கேட்கிறவர்களின் காது மாறிவிட்டது. தோற்றவர் சுருக்கமாகப் பேசினால் "பதில் இல்லை" என்பார்கள், விரிவாகப் பேசினால் "பேச்சுக்கு மட்டும் குறைச்சல் இல்லை" என்பார்கள். நம்பிக்கை போய்விட்ட பிறகு ஒரு பயிற்சியாளரால் வானொலியில் சொல்லக்கூடிய சரியான வாக்கியம் என்று ஒன்று கிடையவே கிடையாது.

2018 ஏப்ரல் 21-ஆம் தேதி எங்கள் ஊர் மோசஸ் மபிடா மைதானத்தில் நெட்பேங்க் கோப்பையின் அரையிறுதி நடந்தது. ஃப்ரீ ஸ்டேட் ஸ்டார்ஸ் 2-0 என்று சீஃப்ஸை வென்றது. ஆட்டம் முடிந்ததும் ரசிகர்கள் தடுப்புகளைத் தாண்டி மைதானத்துக்குள் இறங்கினார்கள். இருக்கைகளைப் பெயர்த்தார்கள், ஒளிபரப்புக் கருவிகளை உடைத்தார்கள், பாதுகாப்பு ஊழியர் ஒருவரைக் கீழே தள்ளி அடித்தார்கள். 2010 உலகக் கோப்பைக்காகக் கட்டப்பட்ட, இந்த நகரம் பெருமையோடு காட்டுகிற மைதானம் அது. கொம்பெலா அன்றே பதவி விலகினார். அந்த ஸ்டார்ஸ் அணி அடுத்த மாதம் கோப்பையையே வென்றது என்பதையும் சொல்ல வேண்டும். அரையிறுதியில் சீஃப்ஸ் தோற்றது ஏதோ சோப்ளாங்கி அணியிடம் அல்ல.

அந்த வன்முறைக்கு வானொலிதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்பவர்கள் இருந்தார்கள், அது அநியாயம். கல்லெறிந்தவன் கைக்கு அவனேதான் பொறுப்பு. ஆனால் அதற்கு முந்தைய பல வாரங்களாக, கழகத்தின் எல்லாத் துன்பத்துக்கும் ஒரே மனிதரின் பெயரைத்தான் வானொலி திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை மறுக்க முடியாது.

இனி விமர்சகர்களைப் பற்றி. உள்ளூர் வானொலியில் வந்து உட்காரும் விமர்சகர் பெரும்பாலும் முன்னாள் ஆட்டக்காரர். ஊர் சிறியது, கால்பந்து உலகம் அதைவிடச் சிறியது. இன்று அவர் எடைபோடுகிற பயிற்சியாளர் ஒரு காலத்தில் அவரோடு ஒரே அணியில் ஆடியவராக இருப்பார், அல்லது நாளை அவருக்குத் துணைப் பயிற்சியாளர் வேலை கொடுக்கக்கூடியவராக இருப்பார். ஆகவே அவர் நேராகப் பேச மாட்டார். அவருடைய மொழியைப் படித்துப் பழக வேண்டும். பருவத்தின் தொடக்கத்தில் "ஆட்டக்காரர்கள் இன்னும் பழகிக்கொள்ள வேண்டும்" என்பார். அடுத்து "சில கேள்விகள் எழத்தான் செய்கின்றன" என்று வரும். அதற்கடுத்த கட்டத்தில் "பயிற்சியாளருக்கு ஆட்டக்காரர்களின் உடைமாற்றும் அறை இன்னும் ஆதரவாக இருக்கிறது என்றே நம்புகிறேன்" என்பார், அப்படிச் சொன்னால் ஆதரவு போய்விட்டது என்று பொருள். கடைசியாக, பெருமூச்சோடு, "ஒரு புதிய குரல் தேவைப்படலாம்" என்று ஒரு நாள் சொல்லிவிடுவார். அதன்பின் பயிற்சியாளர் வீட்டுச் சாமான்களைக் கட்டத் தொடங்கலாம். பத்திரிகைகளுக்கு முன்பே, கழகத்தின் அறிக்கைக்கு முன்பே, அந்தப் பெருமூச்சு வந்துவிடும்.

இவர்கள் எல்லாரும் வீண் என்று சொல்ல வரவில்லை. நான் வழக்கமாகக் கேட்கும் நிகழ்ச்சியில் முன்னாள் பின்கள ஆட்டக்காரர் ஒருவர் வருவார். மனது வைத்தால் அவரைப் போல ஆட்டத்தை விளக்க ஆள் இல்லை. ஒரு தோல்விக்குப் பின், எதிரணி அடித்த கோலை அவர் பின்னோக்கி அவிழ்த்துக் காட்டியது இன்னும் நினைவிருக்கிறது. பந்து வலைக்குள் போனதை விட்டுவிட்டார். அதற்கு மூன்று பாஸ் முன்னால், இடது பின்கள வீரர் எறிந்த ஒரு த்ரோ-இன்னில் தொடங்கினார். பந்தை வாங்க வேண்டிய நடுக்கள வீரர் எதிரிக்கு முதுகைக் காட்டி நின்றார், வலது பின்கள வீரரோ அதற்குள் முன்னே ஓடிவிட்டார், நடுவில் தற்காப்புக்காக நிற்க வேண்டியவர் எந்த இடைவெளியை மூடுவது என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவே நின்றுவிட்டார். "நீங்கள் திட்டிக்கொண்டிருக்கிற மைய பின்கள வீரரிடம் பந்து வருவதற்குள் கோல் விழுந்து முடிந்துவிட்டது" என்றார். படம் எதுவும் இல்லாமல், குரலால் மட்டும், பதினொரு பேரையும் அவர் நிறுத்திக் காட்டிவிட்டார். அடுத்து வந்த நேயர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. "எல்லாம் சரி, இந்தக் கோச் எப்போது போவார்?" என்று கேட்டார். விமர்சகர் சிரித்துவிட்டார், தொகுப்பாளரும் சிரித்தார், மீதி நேரம் முழுவதும் அந்தக் கேள்வியிலேயே கழிந்தது.

அந்த நேயரைக் குறை சொல்லிப் பயனில்லை, ஏனெனில் அவரைத் தேர்ந்தெடுத்து இணைப்புக் கொடுத்தது நிலையம். நானும் ஒரு முறை அழைத்திருக்கிறேன். எந்த நிலையம் என்பது வேண்டாம். இரண்டு பின்கள வீரர்களும் காயத்தால் வெளியே இருக்கும்போது இளைஞர் அணியிலிருந்து ஏன் ஒருவரும் மேலே வரவில்லை, அந்த அணிக்கு யார் பொறுப்பு என்று கேட்பதே என் நோக்கம். எடுத்துப் பேசிய இளம்பெண் மரியாதையாகத்தான் பேசினார். பெயர், ஊர் கேட்டார். பிறகு, "கோச் இருக்க வேண்டும் என்கிறீர்களா, போக வேண்டும் என்கிறீர்களா, அண்ணா?" என்றார். இரண்டும் இல்லை, எனக்கு வேறொரு கேள்வி இருக்கிறது என்றேன். கொஞ்சம் காத்திருக்கச் சொன்னார். காத்திருந்தேன். எனக்கு முன்னால் போக வேண்டும் என்று ஒருவர், இருக்க வேண்டும் என்று ஒருவர், மீண்டும் போக வேண்டும் என்று ஒருவர் பேசினார்கள், வாட்ஸ்அப்பில் வந்த குரல் பதிவுகளும் ஒவ்வொன்றாக ஓடின, செய்தி நேரம் வந்தது, இணைப்பு அறுந்தது. அவருக்கு முன்னால் இருந்த தாளில் இரண்டு பத்திகள்தான் இருந்திருக்க வேண்டும், மூன்றாவதற்கு இடமில்லை. தொழில் என்ற முறையில் அவர் செய்தது சரிதான். இரண்டு நிமிடப் பேச்சுக்குப் பயிற்சியாளரின் பெயர் கச்சிதமாகப் பொருந்தும். இளைஞர் அணியின் அமைப்பு பொருந்தாது.

கேவின் ஹன்ட்டின் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். லீக் பட்டத்தை நான்கு முறை வென்ற பயிற்சியாளர் அவர். சூப்பர்ஸ்போர்ட் யுனைடெட்டோடு 2008, 2009, 2010 என்று தொடர்ந்து மூன்று முறையும், பிட்வெஸ்ட் விட்ஸோடு 2017-இல் ஒரு முறையும் வென்றிருந்தார். 2020-இல் அவர் சீஃப்ஸுக்கு வந்தபோது, கழகத்தின்மேல் ஃபிஃபாவின் தடை இருந்தது. மடகாஸ்கர் வீரர் ஒருவரை 2018-இல் ஒப்பந்தம் செய்த விதத்தில் நேர்ந்த தவறுக்காக, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் மாற்றுக் காலங்கள் இரண்டில் தொடர்ந்து புதிதாக யாரையும் பதிவுசெய்ய முடியாது என்பது தண்டனை. அந்த ஒப்பந்தத்தை எழுதியபோது ஹன்ட் அங்கே இல்லை. அதற்கு முந்தைய பருவத்தில் எர்ன்ஸ்ட் மிடன்டார்ப் பெரும்பகுதி நேரம் முதலிடத்தில் வைத்திருந்த அணி, கடைசி நாளில் பரோக்காவுடன் 1-1 என்று சமன் செய்து பட்டத்தை சன்டவுன்ஸிடம் கோட்டைவிட்டிருந்தது. அது கழகத்தின் 50-ஆம் ஆண்டு வேறு. அந்த வயிற்றெரிச்சலோடு, ஆள் சேர்க்க வழியில்லாத அணியை ஹன்ட் வாங்கிக்கொண்டார்.

லீக்கில் அணி தத்தளித்தது உண்மை. அதே நேரத்தில் ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்கில் அது அரையிறுதி வரை போயிருந்தது, அதுவரை சீஃப்ஸ் அந்தப் போட்டியில் அவ்வளவு தூரம் போனதே இல்லை. 2021 மே மாத இறுதியில், அரையிறுதி ஆட்டங்கள் காத்திருக்கும் நிலையில், ஹன்ட்டை நீக்கினார்கள். ஜூலையில் காசாபிளாங்காவில் நடந்த இறுதி ஆட்டத்தில் அல் அஹ்லியிடம் 3-0 என்று தோற்றபோது பயிற்சியாளர் நாற்காலியில் மீண்டும் பாக்ஸ்டர் இருந்தார். தடைக்காலம் முழுவதிலும் நான் கேட்ட வானொலிப் பேச்சில் "ஹன்ட் ஏன் பழைய ஆட்டக்காரர்களையே இறக்குகிறார்?" என்ற கேள்வி சலிக்காமல் வந்தது. வேறு யாரை இறக்குவார்? ஒப்பந்தம் எழுதிய மேசையில் உட்கார்ந்திருந்தவர் யார் என்ற கேள்வி எப்போதாவது எழுந்தது. எழுந்த வேகத்தில் அடங்கியது. அவருடைய குரலை யாரும் கேட்டதில்லையே.

பாக்ஸ்டரின் இரண்டாம் வருகைதான் என் வாதத்துக்கு மிகவும் கைகொடுக்கிறது. கழகத்துக்குக் கடைசியாகப் பட்டம் வாங்கித் தந்தவர் அவர். அவர் போன பிறகு எல்லாம் கெட்டது, அவர் வந்தால் எல்லாம் சரியாகும் என்று ஆண்டுக்கணக்காக நேயர்கள் சொல்லிவந்தார்கள். அவரும் வந்தார், 2022 ஏப்ரலில் நீக்கவும்பட்டார். முன்பு வென்றுகாட்டிய அதே மனிதரால் இப்போது வெல்ல முடியவில்லை என்றால், மாறியது மனிதர் அல்ல, அவரைச் சுற்றியிருந்தது என்று ஒரு விமர்சகராவது அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். "அவருடைய காலம் கடந்துவிட்டது" என்பதோடு முடித்துக்கொண்டார்கள்.

அடுத்து வந்த ஆர்தர் ஸ்வானே கழகத்தின் பழைய ஆட்டக்காரர், ரசிகர்களின் செல்லப்பிள்ளை. அந்தச் செல்லம் ஒரு பருவம்கூடத் தாங்கவில்லை. மொலெஃபி என்ட்செக்கிக்கு அந்த அளவு அவகாசமும் கிடைக்கவில்லை. 2023-இல் ரசிகர்கள் அவர்மேல் கையில் கிடைத்ததையெல்லாம் எறிந்தார்கள், அக்டோபரில் எங்கள் ஊர் அமாசூலு அணியிடம் ஒரு கோப்பை ஆட்டத்தில் தோற்றதோடு அவர் வேலை போனது. அந்தப் பருவத்தை கேவின் ஜான்சன் முடித்துவைத்தார். அணி 10-ஆம் இடத்தில் நின்றது. நாட்டின் மேல்மட்ட லீக்கான பிரீமியர் சாக்கர் லீக் தொடங்கியதிலிருந்து சீஃப்ஸ் அவ்வளவு கீழே இறங்கியதில்லை.

கழகத்தை 1970-இல் தொடங்கிய கைசர் மொடாங்கின் குடும்பம்தான் இன்றும் அதை நடத்துகிறது. இந்த நாட்டில் கறுப்பின மக்களின் சொந்த முயற்சியில் எழுந்த நிறுவனங்களில் அதற்கு இருக்கும் மதிப்பு எனக்குத் தெரியும். நிறவெறிக் காலத்தில் அப்படியொரு கழகத்தைக் கட்டி எழுப்பியவர்மேல் ஜனங்களுக்குப் பக்தி இருப்பதில் வியப்பில்லை. அந்தப் பக்தி கேள்விக்குத் தடையாக நிற்கிறது என்பது என் கருத்து. வீட்டுப் பெரியவரைக் கேட்க முடியாதபோது கோபம் வாடகைக்கு வந்தவர்மேல் திரும்புகிறது.

டர்பனில் இதற்கு மாறான நிலைமையும் கண்முன்னே இருக்கிறது. சாண்டிலே சுங்கு 2020-இல் அமாசூலுவை வாங்கினார். அவர் பேசுகிற உரிமையாளர். என்ன எதிர்பார்க்கிறேன் என்று ஊரறியச் சொல்வார், கூப்பிட்டால் வருவார். பென்னி மெக்கார்த்தியை அவர் பயிற்சியாளராக அமர்த்தினார், 2020-21 பருவத்தில் அணி இரண்டாம் இடம் வந்து ஆப்பிரிக்கச் சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெற்றது. அமாசூலு வரலாற்றில் அது பெரிய காரியம். 2022 மார்ச்சில் அதே மெக்கார்த்தியை அனுப்பிவிட்டார். அப்போது வானொலியில் நான் கேட்டது வழக்கமான புலம்பல் அல்ல. "சுங்கு அவசரப்பட்டார்" என்று ஒரு கட்சி, "பணம் போடுகிறவருக்கு உரிமை உண்டு" என்று ஒரு கட்சி. விவாதம் உரிமையாளரின் முடிவைப் பற்றியதாக இருந்தது, காரணம் அவருடைய குரலும் எல்லாருக்கும் தெரியும். சில மாதங்களில் மெக்கார்த்தி மான்செஸ்டர் யுனைடெட்டின் பயிற்சிக் குழுவில் சேர்ந்தபோது, சாட்ஸ்வொர்த்தின் யுனைடெட் ரசிகர்கள் அத்தனை பேரும் அவரை முதலிலிருந்தே நம்பியவர்கள் ஆகிவிட்டார்கள். அது தனிக் கூத்து.

என் மாமனாருக்கு இந்தச் சண்டைகளில் எந்தப் பக்கமும் கிடையாது. அவர் மானிங் ரேஞ்சர்ஸ்காரர். இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். பிரீமியர் சாக்கர் லீக்கின் முதல் பருவமான 1996-97-இல் பட்டம் வென்றது சீஃப்ஸ் அல்ல, ஆர்லாண்டோ பைரட்ஸ் அல்ல, சன்டவுன்ஸும் அல்ல. சாட்ஸ்வொர்த் மைதானத்தைச் சொந்தக் களமாகக் கொண்டு ஆடிய, இந்திய வம்சாவளியினர் 1928-இல் தொடங்கிய மானிங் ரேஞ்சர்ஸ். பயிற்சியாளர் கார்டன் இகெசுண்ட். முன்வரிசையில் ஜார்ஜ் கூமன்டராக்கிஸ். பெரிய கழகங்கள் ஒரு முன்னணி ஆட்டக்காரருக்குக் கொடுக்கும் பணத்தில் இவர்கள் பாதி அணியை நடத்தியிருப்பார்கள் என்பது மாமனாரின் கணக்கு. மாமனாரின் கணக்கில் பாசம் கொஞ்சம் கலந்திருக்கும். இகெசுண்ட் பிறகு பைரட்ஸ், சாண்டோஸ், சன்டவுன்ஸ் ஆகிய அணிகளோடும் லீக் வென்றார். நான்கு வெவ்வேறு கழகங்களோடு பட்டம் வென்றவர் அவர்.

அந்த ரேஞ்சர்ஸ் பத்து ஆண்டுகூட நிலைக்கவில்லை. மேல்மட்ட லீக்கிலிருந்து இறங்கி, கடனில் மூழ்கி, 2006-இல் விற்கப்பட்டு கேப் டவுனுக்குப் போய், பெயரும் மாறி, கரைந்தது. சரிவுக் காலத்தில் பயிற்சியாளர்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள் என்றும், ஒவ்வொரு மாற்றத்துக்கும் சாட்ஸ்வொர்த்தில் ஒரு வாரம் உற்சாகம் இருந்தது என்றும் மாமனார் சொல்வார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, வானொலியில் யாரோ ஒருவர் சீஃப்ஸ் பயிற்சியாளரை நீக்கச் சொல்லி உறுமிக்கொண்டிருந்தபோது, குடைந்த ரொட்டிக்குள் கறியை நிரப்பிய டர்பன் உணவான பன்னி சாவின் ரொட்டி மூடியைப் பீன்ஸ் கறியில் தோய்த்தபடியே அவர் சொன்னார்: "நாங்களும் அப்படித்தான் தம்பி. யாரை வெளியே அனுப்பணும்னே பேசிக்கிட்டிருந்தோம். பாங்க்கில என்ன இருக்குன்னு ஒருத்தனும் கேக்கல. கடைசில கிளப்பே வெளியே போயிடுச்சு."

2025 மே 10-ஆம் தேதி, அதே மோசஸ் மபிடா மைதானத்தில், நெட்பேங்க் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் சீஃப்ஸ் 2-1 என்று பைரட்ஸை வென்றது. இரண்டாம் பாதியில் யூசுஃப் மார்ட் அடித்த கோலுக்கு எங்கள் தெருவில் எழுந்த சத்தம் தீபாவளிக்குக்கூட எழாது. 2015-க்குப் பிறகு வந்த முதல் கோப்பை அது. ஓரிரு வாரங்கள் பொறுப்பைப் பார்த்துக்கொண்டவர்களை விட்டுவிட்டால், இடையில் கொம்பெலா, சோலினாஸ், மிடன்டார்ப், ஹன்ட், பாக்ஸ்டர், ஸ்வானே, என்ட்செக்கி, ஜான்சன் என்று எட்டுப் பேர் வந்து போயிருந்தார்கள். ஒன்பதாவதாக வந்த நஸ்ரதீன் நபிதான் கோப்பையைத் தூக்கினார். அந்தப் பருவத்தில் அவருடைய அணி லீக்கில் 9-ஆம் இடத்தில்தான் முடித்தது, கோப்பைக்கு முந்தைய வாரங்களில் வானொலி அவருக்கும் "புதிய குரல் தேவைப்படலாம்" வரை வந்துவிட்டிருந்தது. கோப்பையோடு அது அடங்கியது. அந்த ஆண்டு முடிவதற்குள் நபியும் கழகத்தைவிட்டுப் போனார்.

பயிற்சியாளர்கள் எல்லாரும் அப்பாவிகள் என்று நான் வாதாடவில்லை. சோலினாஸின் காலத்தில் அணி எந்தத் திட்டத்தோடு ஆடுகிறது என்று எனக்குக் கடைசிவரை புரியவில்லை. என்ட்செக்கியின் ஆட்டமாற்றங்களில் பல, தோல்வியைச் சந்திக்கப் பயந்தவரின் முடிவுகளாகவே தெரிந்தன. பயிற்சியாளரை விமர்சிக்கத்தான் வேண்டும், டிக்கெட் வாங்கி, டாக்ஸி பிடித்து, மழையில் நனைந்து போகிறவனுக்கு அந்த உரிமை உண்டு. அந்த உரிமையை வானொலி ஒரே ஆளின்மேல் செலவழிக்க வைக்கிறது என்பதுதான் என் புகார். ஒருவர் போனதும் எல்லாருக்கும் வெற்றி கிடைத்தது போன்ற நிறைவு ஏற்பட்டு, மூன்று மாதங்களுக்குக் கேள்வி கேட்பதே நின்றுவிடுகிறது. பயிற்சியாளரை நீக்குவதைவிட ஒரு நிர்வாகத்துக்கு மலிவாகக் கிடைக்கும் அமைதி வேறில்லை.

வரும் பருவத்துக்கு நிகழ்ச்சித் தயாரிப்பாளர்கள் ஒன்றைச் செய்யலாம். பயிற்சியாளரின் ஒலித்துண்டை வழக்கம்போலப் போடட்டும், அதைத் தடுக்க முடியாது. அதோடு, ஆட்டக்காரர்களை வாங்கி விற்கும் பொறுப்பில் இருப்பவரை ஒவ்வொரு வாரமும் நிகழ்ச்சிக்கு அழைக்கட்டும். வரவில்லையென்றால், அழைத்தோம், வரவில்லை என்று பெயர் சொல்லி அறிவிக்கட்டும், அடுத்த வாரமும் அப்படியே அறிவிக்கட்டும். இதை மாமனாரிடம் சொன்னேன். அவருக்கு இது பிடித்திருந்தது, ஆனாலும் தலையை ஆட்டினார். "அவன் வரமாட்டான் தம்பி," என்றார். "வரலைன்னு வாராவாரம் சொல்லட்டும். அதுக்கும் இவங்க விளம்பரம் கொடுக்கிறவனைக் கேட்டுத்தான் சொல்லுவாங்க."